அட்டையின் பின்பக்கம்

ஜனவரி 14

அன்புள்ள ஊதலுக்கு,

கோணல்மாணலான இந்த எழுத்துக்காக முதலில் என்னை மன்னித்துவிடு. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனால் எழுத்துகள் கோட்டின் மேல் நிற்க மாட்டேன் என்கின்றன. சில மேலே பறக்கின்றன, சில கீழே சாய்ந்து படுத்துவிடுகின்றன. ழ வரும்போதெல்லாம் பேனாவை வைத்துவிட்டு ஒரு மூச்சு விட்டுக்கொள்கிறேன். ஒரு நாளைக்குப் பத்து வரி. அதற்கு மேல் போனால் விரல் கடுக்கிறது. ஆகவே இந்த ஒரு கடிதத்துக்குள் ஒன்பது நாள் இருக்கிறது. மெதுவாகப் படி.

நான் தட்டு. உன் சாக்ஸபோனுக்குப் பக்கத்தில் பதினோரு வருஷம் வைப்ரஃபோன் வாசித்த அதே தட்டு. முப்பத்து நாலு வருஷம் கழித்து என் கடிதம் என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. மற்றபடி எல்லாரும் இருக்கிறோம்.

செய்தி இதுதான்: எனக்கு எழுதப் படிக்கத் தெரியும்.

இதில் என்னடா செய்தி என்பாய். போன வருஷம் வரை தெரியாது. அதுதான் செய்தி.

நீ ராகம் எழுதிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்த தாள்கள் எல்லாம் எனக்கு வெள்ளைத் துணியில் மிளகு சிந்தின மாதிரிதான் இருந்தன. நான் பார்த்துத் தலையாட்டுவேன். "முதல்ல நீ வாசி, இன்னிக்கு உன் மனசு எப்படி இருக்குன்னு பாக்குறேன்" என்பேன். நீ வாசிப்பாய். ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போதும். ஓட்டலில் வேலை பார்த்தவனுக்கு மெனு அட்டைகூடப் படிக்கத் தெரியாது என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். பஸ் போர்டு, மருந்துச் சீட்டு எல்லாம் அவள்தான் படிப்பாள்.

அவள் போன பிறகு ஒரு நாள் மாடிப்படியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வழக்கம்போல் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போனேன். உடம்பெல்லாம் சோப்புப் போட்டுக்கொண்ட பிறகு தண்ணீர் நின்றுவிட்டது. அந்தக் காகிதத்தில் எழுதியிருந்தது அதுதானாம். சோப்பு காய்ந்து உடம்பை இழுக்க, துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றேன். எழுபத்திரண்டு வயதில் அழுகை வந்துவிட்டது. மறுநாள் நூலக மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஊதல், எழுத்து எங்கே பார்த்தாலும் இருக்கிறது! நாங்கள் முப்பது வருஷமாக நீலக்கடை என்று சொல்லிவந்த கடைக்கு வேறு பெயர் இருக்கிறது. தீப்பெட்டியில்கூட ஒரு பாரா எழுதியிருக்கிறான். பஸ்ஸில் போனால் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிடுகிறேன், போர்டுகளைப் படித்துக்கொண்டே.

நம் பீரோ நினைவிருக்கிறதா? பீரோவை முதுகில் சாய்த்துத் தூக்குகிற மாதிரி ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தப் பாஸ் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வருவானே, அவன் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். பத்து வருஷமாக எனக்கு அவன்தான் கண்ணாடி போடுகிறான். சுவரில் எழுத்து மாட்டிவைத்து "இது என்ன?" என்பான். நான் "மங்கலா இருக்குடா" என்பேன். அவனும் வருஷா வருஷம் பவரைக் கூட்டிக்கொண்டே போனான். போன மாதம் போய்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாலு வரியையும் கடகடவென்று படித்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "பாவி, பத்து வருஷமா உனக்குக் குருட்டுக் கண்ணாடியா போட்டிருக்கேன்?" என்றான். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் முகவரியும் அவனிடம்தான் வாங்கினேன்.

இப்போது நான் உனக்கு எழுதவேண்டிய விஷயம். மேலே உள்ளதெல்லாம் அதைத் தள்ளிப்போட எழுதினது.

நாம் போட்ட அந்த ஒரே இசைத்தட்டு, "கடைசி மேசை". சாப்பாட்டுக் கூடத்தில் கடைசி மேசையும் எழுந்துபோன பிறகு, நாற்காலிகளைக் கவிழ்த்துவைத்துவிட்டு இரண்டு ராத்திரியில் பதிவு பண்ணினோமே. அது அச்சாகி வந்த அன்றைக்கு ஓட்டல் பின்வாசலில் பெட்டியைப் பிரித்தோம். அட்டையின் பின்பக்கம் நீ எழுதியிருந்ததைப் பீரோ சத்தமாகப் படித்தான். "இந்த ஓட்டலின் அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவன் இவன்." எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவன் மேலே படிக்கவில்லை. நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. கோட்டு மாட்டிக்கொண்டு பதினோரு வருஷம் வாசித்தும் நான் பாத்திரம் கழுவுகிறவன்தானா, அதுவும் இவன் கையாலா என்று இருந்தது.

அரைமணி கழித்து நீ தனியாக வந்தாய்.

"பின்பக்கம் படிச்சியா?"

"படிச்சேன்."

"முழுசா?"

"முழுசா."

"என்ன சொல்றே?"

"சொல்ல என்ன இருக்கு? உன் இஷ்டம்" என்றேன்.

உன் முகம் செத்துப்போனது. நாலாம் நாள் நீ கப்பலில் வாசிக்கப் போய்விட்டதாக மானேஜர் சொன்னார். என்னிடம் சொல்லாமல் போனாயே என்று எனக்குக் கோபம். இசைத்தட்டைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டேன். ஒரு தடவைகூட அதைக் கேட்டதில்லை.

போன வாரம் இறக்கினேன். பின்பக்கத்தில் நாலு வரி படித்துவிட்டேன். இரண்டாவது வரி என்ன தெரியுமா? உனக்குத் தெரியும், நீதான் எழுதினாய். இருந்தாலும் எழுதுகிறேன், எழுத ஆசையாக இருக்கிறது: "அவன் கழுவி அடுக்கும் தட்டுகளின் ஓசையில் ஒரு தாளம் இருந்தது. அதைக் கேட்பதற்காகவே வாசிப்பு முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நான் அடுக்களை வாசலில் நிற்பேன்."

நீ அங்கே நின்றாயா? பீடி பிடிக்க நிற்கிறாய் என்றல்லவா நினைத்தேன்.

மிச்சம் இன்னும் நிறைய இருக்கிறது. கடைசிப் பத்தி பொடி எழுத்து. மெதுவாகப் படிக்கிறேன். அதற்குள் உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீ என்னோடு மறுபடி பேசவேண்டும், ஊதல். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும். ஒரு வரி போட்டாலும் போதும், திட்டியாவது போடு. படித்துக்கொள்வேன்.

உன்
தட்டு


ஜனவரி 25

தட்டுக்கு,

உன் கடிதம் வந்தது. யார் எழுதிக்கொடுத்தது? பேரனா, பக்கத்து வீட்டுக்காரரா? எழுத்தை நடுங்கவைப்பது பெரிய வித்தை இல்லை. வயதானவன் என்று இரக்கப்படட்டும் என்று நடுங்க வைத்திருக்கலாம்.

நான் எழுதிய தாளை நீ வாசிக்காமல் முதலில் என்னை வாசிக்கச் சொல்வாய், உண்மைதான். அதை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். "என் மனசு தெரியாம அவன் குச்சியைத் தொடமாட்டான்" என்று கப்பலில் ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒருவனிடமாவது சொல்லியிருப்பேன். இப்போது வந்து, எனக்குப் படிக்கத் தெரியாது, அதனால்தான் என்கிறாய். இது உண்மையென்றால் நான் முட்டாள். பொய்யென்றால் நீ அயோக்கியன். இரண்டில் எதை ஒத்துக்கொள்வது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன்.

முப்பத்து நாலு வருஷமாக "உன் இஷ்டம்" என்ற இரண்டு வார்த்தையை நான் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ அதை எவ்வளவு சுளுவாக எழுதிவிட்டாய்! என்ன கேள்விக்கு அந்தப் பதிலைச் சொன்னாய் என்று உனக்குத் தெரியாது என்கிறாய். சரி.

கடைசிப் பத்தியைப் படி. யாரையும் படித்துக்காட்டச் சொல்லாதே. நீயே படி. படித்த பிறகு எழுது. அதுவரை எழுத வேண்டாம்.

எனக்கு வயது எழுபத்தைந்து. ரொம்ப நாள் எடுத்துக்கொள்ளாதே.

ஊதல்

(இந்தப் பெயரில் என்னை யாரும் கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. கடித உறையில் அதைப் பார்த்ததும் தபால்காரர் சிரித்தார்.)


பிப்ரவரி 11

அன்புள்ள ஊதலுக்கு,

படித்துவிட்டேன்.

டீச்சர் தானே படித்துக்காட்டுகிறேன் என்றார். வேண்டாம், எனக்கு உத்தரவு வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சமையலறை மேசையில் அட்டையை வைத்துக்கொண்டு விரலால் தடவித் தடவிப் படித்தேன். மூன்று நாள் ஆனது. முதல் நாள்: "நான் மூச்சு எடுக்கும் இடம் அவனுக்குத் தெரியும். அந்த இடத்தில் ஒரே ஒரு சுரத்தை வைத்துவிட்டு விலகி நிற்பான்." அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன். மேலே படிக்க மனசு வரவில்லை; அது போதும்போல் இருந்தது. இரண்டாம் நாள்: "கப்பலில் வாசிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை."

மூன்றாம் நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். "அதனால் எல்லாரும் பார்க்க இங்கே கேட்கிறேன்." பிறகு போ. பிறகு க. பிறகு ட். நான் ஒவ்வொன்றாகத்தான் கூட்டிப் படிப்பேன், உனக்குத் தெரியாது. எழுத்துகள் எங்கே போய்ச் சேரப்போகின்றன என்று கடைசி எழுத்து வரை எனக்குத் தெரியாது. "போகட்டுமா, தட்டு? இருக்கட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன்."

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

ஆயிரம் அட்டையில் அச்சடித்து என்னைக் கேட்டிருக்கிறாய். வாங்கினவன் எல்லாம் படித்திருக்கிறான். கேட்கப்பட்டவனைத் தவிர. அந்தக் கேள்விக்குத்தான் நான் "உன் இஷ்டம்" என்றேனா? கடவுளே!

நேராகப் பீரோ கடைக்குப் போனேன். "உனக்கு முன்னாடியே தெரியுமாடா?" என்றேன். "என்னது?" "அவன் என்னைக் கேட்டது." பீரோ வாயைப் பிளந்தான். "ஊருக்கே தெரியுமேடா! நீதான் போகச் சொல்லிட்டேன்னு நினைச்சோம். தலைமைச் சமையல்காரர் உன்கூட ஒரு வருஷம் பேசலையே, ஏன்னு நினைச்சே?" அவர் சாம்பார் ருசியைக் குறை சொன்னேன் என்று கோபம் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

அவளும் படித்திருப்பாள், ஊதல். கல்யாணமான புதிதில் ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்தவள் கீழே இறங்கி வந்து, "அவருக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமே" என்றாள். நான் கத்தின கத்தலில் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவள் வாயை மூடிக்கொண்டாள். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொண்டேன். "படிக்கத் தெரியாது" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ அப்படியே படித்துக் காட்டியிருப்பாய். நீ சிரித்திருக்கமாட்டாய் என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை.

இசைத்தட்டையும் கேட்டேன். நூலகத்தில் ஒரு பழைய கருவி இருக்கிறது. என் வகுப்பே கூட வந்து உட்கார்ந்துவிட்டது. மொத்தம் ஒன்பது பேர். வைப்ரஃபோன் என்றால் என்ன என்று என் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற வெல்டர் கேட்டார். கட்டில் மாதிரி ஒரு சட்டம், மேலே உலோகப் பட்டைகள், கீழே குழாய்கள், ஒரு சின்ன மோட்டார். நூல் சுற்றிய குச்சியால் தட்டினால் சத்தம் தண்ணீரில் கல் விழுந்த மாதிரி விரியும் என்றேன். "அப்ப ஃபிட்டர் வேலைதான்" என்றார்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. நீ அடித்தொண்டையில் பேசுகிற மாதிரி ஊதுகிறாய். பீரோவின் பாஸ் பின்னால் நடந்து வருகிறது. நான் எங்கோ தள்ளி நின்று ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டே வருகிற மாதிரி வாசிக்கிறேன். நானா அது, எனக்கே நம்பிக்கை வரவில்லை. பத்து நிமிஷம் கழித்து மீன்கார அம்மா என் காதில் கேட்டாள்: "அண்ணே, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" "இதாம்மா பாட்டு." "அப்படியா? நான் யாரோ ரெண்டு பேர் ராத்திரி வேலை முடிஞ்சு பேசிக்கிறாங்கன்னு நினைச்சேன்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுதிக்காட்ட யாராலும் முடியாது. கொஞ்ச நேரத்தில் அவள் தூங்கிவிட்டாள். வெல்டரும் தூங்கிவிட்டார். மூன்று மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிறவர்கள். டீச்சர் மன்னிப்புக் கேட்டார். இது தூங்கவைக்கப் போட்ட தட்டுதான், மன்னிப்பு எதற்கு என்றேன்.

மூன்றாவது பாட்டில் நீ நீளமாக ஒரு சுரம் இழுத்து மூச்சு வாங்குகிற இடத்தில் என் குச்சி ஒரு தடவை விழுகிறது. நீ எழுதினது சரிதான். அதைச் செய்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இப்போது பதில். தாமதமாகிவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். போகாதே. இரு. என் வீட்டில் ஒரு அறை காலியாக இருக்கிறது. வைப்ரஃபோனும் அங்கேதான் இருக்கிறது. ஓட்டலை மூடும்போது மானேஜர் என்னிடமே கொடுத்துவிட்டார். உன் சாக்ஸபோனை எடுத்துக்கொண்டு வந்துவிடு. அறையைப் பெருக்கிவிட்டேன். கட்டிலுக்குச் சொல்லிவிட்டேன்.

உன்
தட்டு


பிப்ரவரி 24

அன்புள்ள தட்டு,

உன் கடிதத்தைக் கீழ்வீட்டுத் தையல்காரர் முன்னால் படித்துவிட்டு அழுதேன். "யார் சார் போயிட்டாங்க?" என்றார். "யாரும் போகல, ஒருத்தன் திரும்பி வந்திருக்கான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

நான் முட்டாள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். யோசித்துப் பார்த்தால் எத்தனை இடத்தில் பிடித்திருக்கலாம்! உனக்கு வந்த தந்தியை "கை ஈரம், நீ பிரி" என்று நீட்டினாயே. கை ஈரமாகவே இல்லை. பாட்டுக்குப் பெயர் வைக்கும்போது நீ ஒரு நாளும் தாளைப் பார்த்ததில்லை, என் வாயைத்தான் பார்ப்பாய். எல்லாவற்றையும் காதால் கவனிக்கிறவன் என்று உன்னைச் சொன்னவன் நான். நான் எதையுமே கவனிக்கவில்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாததை நீ மறைத்தாய். கேட்கத் தெரியாததை நான் மறைத்தேன். பக்கத்தில் நிற்கிறவனிடம் "உன்னை விட்டுப் போக எனக்கு மனசில்லை" என்று சொல்ல முடியாமல் அச்சகத்துக்கு எழுதிக் கொடுத்தேன் பார். அதைப் பெரிய அழகான காரியம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். நீ "இருடா" என்று சொல்வாய், நான் எல்லார் எதிரிலும் உன்னைக் கட்டிக்கொள்வேன் என்று கற்பனை. அது நடக்கவில்லை என்றதும் பெட்டியைக் கட்டிவிட்டேன். இரண்டாவது தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பழி முழுக்க உன் மேல் இல்லை.

கப்பலில் பன்னிரண்டு வருஷம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஊதச் சொல்லிக்கொடுத்தேன். வேறு எத்தனையோ பேர் என்னோடு வைப்ரஃபோன் வாசித்தார்கள். எல்லாரும் நன்றாக வாசித்தார்கள். நான் மூச்சு எடுக்கும்போதும் வாசித்தார்கள்.

சாக்ஸபோனைக் கொண்டுவரச் சொல்கிறாய். கீழ்வரிசைப் பல் எல்லாம் போய்விட்டது, தட்டு. பல்செட்டை வைத்துக்கொண்டு ஊதினால் சுரத்துக்கு முன்னால் பல் வெளியே வருகிறது. அதைப் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு விஷயம். டிசம்பரில் குளியலறையில் விழுந்துவிட்டேன். தையல்காரர் கதவை உடைத்துத் தூக்கும்வரை கிடந்தேன். இடது முட்டி இப்போது மடங்காது. என் மகள் தன்னோடு வந்து இருக்கச் சொல்கிறாள். அவள் இருப்பது இரண்டு விமானம் மாறிப் போகிற தூரம். கீழ்த்தளத்தில் எனக்கு ஒரு அறை, மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் நர்ஸ், இரண்டு பேத்திகள். மார்ச் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். போனால் திரும்பி வருவேன் என்று சொல்வதற்கில்லை.

உன் கடிதம் வரும்வரை போவதாகத்தான் இருந்தேன். இப்போது உன் காலி அறை மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்தத் தடவை அட்டையில் அச்சடிக்கவில்லை. நேராகக் கேட்கிறேன். போகட்டுமா? உன்னிடம் வரட்டுமா? நீ சொல்வதைச் செய்கிறேன் என்பது அப்படியேதான் இருக்கிறது. "உன் இஷ்டம்" என்று மட்டும் எழுதாதே, நேரில் வந்து உதைப்பேன். ஒரு கால் நன்றாகத்தான் இருக்கிறது.

உன்
ஊதல்


மார்ச் 9

என் ஊதலுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் "வா" என்று ஒரே எழுத்தில் பதில் எழுதினேன். நான் எழுதினதிலேயே அழகான எழுத்து அது. கோட்டின் மேல் நேராக நின்றது. உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். தபால்பெட்டிக்குப் போக மாடிப்படி இறங்கும்போதுதான் உன் முட்டி நினைவுக்கு வந்தது.

நான் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நாலு படி. சரி, பார்த்துவிடலாம் என்று இடது காலை மடக்காமல் ஏறிப் பார்த்தேன். இரண்டாவது மாடியில் எதிர்வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "ஐயோ, என்ன ஆச்சு மாமா?" என்று கையைப் பிடித்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, இது என் சிநேகிதன் கால்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லக்கூடாது. மேலே போய்ச் சேர இருபது நிமிஷம் ஆனது.

அப்போதும் மனசு ஒப்பவில்லை. ஒரு தடவை ஏறிவிட்டால் இறங்கவே வேண்டாமே, நான் எல்லாம் வாங்கிவந்து தருவேனே என்று நினைத்தேன். உனக்காகத்தான் என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஆனால் நீ வழுக்கி விழுந்தால்? அதையும் பார்த்துவிட வேண்டியதுதான் என்று பீரோவை வரச் சொன்னேன்.

"குளியலறையில படுடா" என்றேன்.

"எதுக்கு?"

"நீதான் ஊதல். விழுந்துட்டே. நான் தூக்கணும்."

"உனக்குப் படிப்பு வந்ததும் புத்தி போயிடுச்சு" என்று திட்டிக்கொண்டே சட்டையைக் கழற்றிவிட்டுப் படுத்தான். நான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினேன். பாதி தூரம் வந்தான். என் இடுப்பில் ஏதோ படக்கென்றது. இரண்டு பேரும் தரையில். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. நான் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். பீரோ சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "இப்ப உனக்குத் தெரிஞ்சுதா?" என்றான். "தெரிஞ்சுது" என்றேன். எதிர்வீட்டு அம்மாவும் அவள் கணவரும் வந்துதான் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்தினார்கள். இடுப்பில் பட்டி கட்டிக்கொண்டு எழுதுகிறேன். அதனால்தான் எழுத்து இன்னும் மோசம்.

ஆகவே என் பதில்: போ, ஊதல். மகளிடம் போ.

இதை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. கஷ்டமான எழுத்து ஒன்றும் இல்லை. ஒரே ஒரு எழுத்துதான்.

"உன் இஷ்டம்" என்று நான் சொல்லவில்லை, பார். என் இஷ்டம் நீ இங்கே வருவது. அது உனக்குத் தெரியட்டும், தெளிவாகவே எழுதிவிடுகிறேன்: நீ வந்து என் வீட்டில் இருக்க வேண்டும், காலையில் உன்னோடு உட்கார்ந்து டீ குடிக்க வேண்டும், உன் பல்செட்டைக் கிண்டல் செய்ய வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. ஆசைப்பட்டுக்கொண்டே போ என்கிறேன். விழுந்தால் தூக்குவதற்கு ஆள் இருக்கிற இடத்தில் நீ இருக்க வேண்டும். நர்ஸ் மாப்பிள்ளை லேசில் கிடைப்பானா? அவனோடு சண்டை போடாதே. பேத்திகளுக்கு உன் கப்பல் கதைகளைச் சொல். பாதிப் பொய் சேர்த்தாலும் பரவாயில்லை.

கட்டில் வந்துவிட்டது. திருப்பி அனுப்ப மனசில்லை. ஜன்னல் பக்கம் போட்டுவிட்டு மத்தியானம் அதில்தான் படுக்கிறேன். எழுந்ததும் வைப்ரஃபோனின் தூசியைத் துடைத்து, மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன். உனக்குப் பிடிக்காத அதே சமையல் எண்ணெய். கொஞ்சம் வாசித்தேன். கை அவ்வளவு மோசமில்லை. மீன்கார அம்மா ஞாயிற்றுக்கிழமை கேட்க வருகிறேன் என்கிறாள். தூங்குவதற்குத்தான் வருகிறாள், எனக்குத் தெரியும். தூங்கட்டும்.

புது முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. வேறு நாட்டு எழுத்தில் இருந்தாலும் அனுப்பு. வரைவது மாதிரி பார்த்து எழுதிக்கொள்கிறேன். அந்த எழுத்தையும் கற்றுக்கொள்ள முடியுமா என்று டீச்சரிடம் கேட்டேன். முதலில் ழ-வைச் சரி பண்ணுங்கள் என்றார்.

அடுத்த வாரம் எழுதுகிறேன். எதைப் பற்றி என்று இன்னும் தெரியாது. அதற்குள் ஏதாவது நடக்கும்.

உன்
தட்டு